இறுகிப்போன போல்ட்டைக் கழற்றும் வரிசை: காரில் வேலை செய்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காருக்கடியில் துருப்பிடித்து இறுகிய போல்ட்டைப் பார்த்ததும், புதிதாக வேலை கற்பவர்களின் கை நீளமான பைப்பைத்தான் தேடும். ஸ்பேனரில் பைப்பைச் சொருகி முழு உடம்பையும் கொடுத்து இழுப்பார்கள். ஒன்று தலை வழுக்கும், அல்லது போல்ட் பாதியில் முறியும். அரை மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை லேத் பட்டறை வரை போய்விடும்.

போல்ட் தலையின் ஆறு மூலைகளும் நன்றாக இருக்கும்வரை, அடுத்து முயன்றுபார்க்க ஒரு வழி பாக்கி இருக்கும். மூலைகள் போய்விட்டால் வழிகள் சட்டென்று சுருங்கிவிடும். கீழே உள்ள வரிசை அதை வைத்து அமைந்தது: தலைக்கு ஆபத்தில்லாத வழிகள் முதலில், ஆபத்தானவை கடைசியில்.

தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஓடும் கார்களை மனதில் வைத்து எழுதுகிறேன். உப்புக்காற்று படும் வண்டிகளில் சைலென்சர் ஜாயின்ட், சஸ்பென்ஷன் ஆர்ம், பிரேக் காலிப்பர் மூன்றும்தான் அதிகம் சோதிக்கும்.

1. எதனால் இறுகியது என்று முதலில் பாருங்கள்

எல்லா இறுக்கத்துக்கும் ஒரே மருந்து கிடையாது. ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் டார்ச் அடித்து ஒரு நிமிடம் பாருங்கள்.

செம்பழுப்புத் துரு தெரிந்தால், இரும்போடு இரும்பு துருவால் ஒட்டியிருக்கிறது. துருவாக மாறிய இரும்பு முன்பிருந்ததைவிடப் பல மடங்கு இடம் எடுக்கும். மரைகளுக்கு (போல்ட்டிலும் நட்டிலும் இருக்கும் திருகு வரிகளுக்கு) இடையே இருந்த மெல்லிய இடைவெளியை அது அடைத்துக்கொள்கிறது. இதற்கு எண்ணெய், அடி, சூடு மூன்றும் வேலை செய்யும்.

அலுமினியத்துக்குள் போன இரும்பு போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி தெரிந்தால், இரும்போடு தொட்டிருக்கும் அலுமினியம் ஈரத்தில் அரிபட்டிருக்கிறது. எஞ்சின், கியர்பாக்ஸ், வாட்டர் பம்ப் பகுதிகளில் இதைப் பார்ப்பீர்கள். இங்கே எண்ணெயைவிடச் சூடுதான் அதிகம் உதவும்.

துருவே இல்லாமல் போல்ட் அசையவில்லை என்றால் மரையில் லாக்கிங் பசை போட்டிருக்கலாம். நீல நிறப் பசை சாதாரண ஸ்பேனருக்கே விட்டுக்கொடுக்கும். சிவப்பு வகைக்குச் சுமார் 250 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அதற்கு எண்ணெய் ஊற்றுவது வீண்.

சக்கர நட் மட்டும் இறுகியிருந்தால், பெரும்பாலும் டயர் கடையில் ஏர் கன் வைத்து அளவுக்கு மீறி முடுக்கியிருப்பார்கள். இதற்கு நீளமான கம்பி ஒன்றே போதும். கார் தரையில் நிற்கும்போதே முதல் சுற்றைத் தளர்த்திவிட்டுப் பிறகு ஜாக் ஏற்றுங்கள்.

மரை எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதையும் இப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள். சில டை ராடுகளிலும், சில பழைய எஞ்சின் புல்லிகளிலும், பழைய லாரிகளின் இடப்பக்கச் சக்கரங்களிலும் இடது மரை இருக்கும். போல்ட்டுக்கு அடியில் படுத்திருக்கும்போது இடம் வலம் குழம்புவதும் சகஜம். தலை நம் முகத்தைப் பார்த்து இருந்தால்தான் இடப்பக்கம் திருப்பினால் கழலும். பின்பக்கமிருந்து பார்த்தால் எல்லாம் தலைகீழ். கழற்றுவதாக நினைத்து முடுக்கியே போல்ட்டை முறித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2. வேலை தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வயர் பிரஷ், துரு இளக்கும் பெனட்ரேட்டிங் ஆயில், ஆறு முனை சாக்கெட் செட், அரை அங்குல டிரைவ் உள்ள பிரேக்கர் பார் (சாக்கெட்டைத் திருப்பும் நீளக் கைப்பிடி), ஒரு கிலோ சுத்தியல், பித்தளைக் கம்பித் துண்டு, கேஸ் டார்ச், கண் பாதுகாப்புக் கண்ணாடி, தடித்த கையுறை. கேஸ் டார்ச் எடுப்பதாக இருந்தால் பக்கத்தில் தீயணைப்பான் கட்டாயம்.

ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கடியில் போகாதீர்கள். இறுகிய போல்ட்டை இழுக்கும்போது வண்டி முழுவதும் ஆடும், அந்த ஆட்டத்தில் ஜாக் நழுவும். இரண்டு ஜாக் ஸ்டாண்ட், எதிர்ச் சக்கரங்களுக்குக் கட்டை இரண்டும் போட்ட பிறகே கீழே படுங்கள்.

மாற்று போல்ட்டையும் நட்டையும் முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். “அந்தப் பழசையே திரும்பப் போட வேண்டும்” என்ற பயம் இல்லாதபோதுதான் தேவையான இடத்தில் தயங்காமல் வெட்ட முடியும். ஞாயிற்றுக்கிழமை மாலையில், கடையெல்லாம் பூட்டிய பிறகு இந்த வேலையைத் தொடங்குவது நல்லதல்ல.

3. முந்தின நாளே சுத்தம் செய்து ஊறவையுங்கள்

பிரஷ் முதலில், எண்ணெய் பிறகு. மண்ணும் பெயின்டும் மூடியிருக்கும் போல்ட்டில் எண்ணெய் அடித்தால் அது மண்ணில்தான் ஊறும், மரைக்குள் போகாது.

நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையையும் பளிச்சென்று தேயுங்கள். இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். நட் கழன்று வரும் பாதை அந்த மரைதான். பாதையில் துரு இருந்தால் நட் இரண்டு சுற்று நன்றாக வந்துவிட்டு நடுவில் சிக்கிக்கொள்ளும். போல்ட் முறிவது பல நேரம் அந்த இடத்தில்தான்.

எண்ணெய் எது? சாதாரண டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டுவதற்கும் லேசான உயவுக்கும் நல்லது. இறுகிய போல்ட்டுக்கென்று பெனட்ரன்ட் என்ற பெயரில் தனியாக விற்பதை வாங்குங்கள். பட்டறைகளில் மண்ணெண்ணெயும் டீசலும் ஊற்றுவார்கள். கையில் வேறு இல்லாதபோது அதுவும் ஓரளவு உதவும், ஆனால் நேரம் அதிகம் பிடிக்கும். அசிட்டோனையும் கியர் ஆயிலையும் கலந்து அடிப்பவர்களும் உண்டு. அசிட்டோன் பெயின்டையும் பிளாஸ்டிக்கையும் தின்னும், சட்டென்று தீப்பிடிக்கும். புதியவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

முந்தின நாள் மாலை ஒருமுறை, இரவு படுக்கும் முன் ஒருமுறை, காலையில் ஒருமுறை அடியுங்கள். ஒவ்வொரு முறையும் சுத்தியலால் போல்ட் தலையை நாலைந்து தடவை தட்டுங்கள். அந்த அதிர்வில்தான் துருவில் நுண்ணிய வெடிப்புகள் விழுந்து எண்ணெய் உள்ளே இறங்கும். அடித்து ஐந்து நிமிடத்தில் ஸ்பேனர் போடுவது, எண்ணெயே அடிக்காமல் போடுவதற்குச் சமம்.

சைலென்சர் சூடாக இருக்கும்போது ஸ்ப்ரே அடிக்கக்கூடாது, தீப்பிடிக்கும். பிரேக் டிஸ்க், பேட் மேல் எண்ணெய் தெறிக்காதபடி துணி போட்டு மறையுங்கள்.

4. ஆறு முனை சாக்கெட், சரியான அளவு

பன்னிரண்டு முனை சாக்கெட்டும் ரிங் ஸ்பேனரும் போல்ட்டின் மூலைகளை மட்டும் பிடிக்கும். ஆறு முனை சாக்கெட் பக்கங்களில் அழுந்திப் பிடிக்கும். இறுகிய போல்ட்டில் இந்த வித்தியாசம்தான் தலை பிழைப்பதையும் வழுக்குவதையும் முடிவு செய்கிறது. திறந்த வாய் ஸ்பேனரையும் ஸ்க்ரூ ஸ்பேனரையும் முதல் அசைவுக்குத் தொடவே வேண்டாம். போல்ட் இளகிய பிறகு எது வேண்டுமானாலும் போடலாம்.

சாக்கெட்டை மாட்டிக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அளவு தவறு, அல்லது தலை துருவால் இளைத்திருக்கிறது. மாருதி, டொயோட்டா வண்டிகளில் 10, 12, 14, 17 மில்லிமீட்டர் தலை அளவுகள் அதிகம். ஐரோப்பிய வண்டிகளில் 13, 16, 18 வரும். பழைய அம்பாசடரில் அங்குல அளவு. பதினாறில் ஒன்பது (9/16) அங்குல சாக்கெட் 14 மில்லிமீட்டர் தலையில் உட்காரும். ஆனால் கால் மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டம் இருக்கும். லேசான வேலையில் அது தெரியாது, இறுகிய போல்ட்டில் மூலையைச் சீவிவிடும்.

சாக்கெட்டுக்குள் மண் இருந்தால் அது முழு ஆழத்துக்கு இறங்காது. சிறு சுத்தியலால் தட்டி அடிவரை இறக்குங்கள். எக்ஸ்டென்ஷன் தேவைப்பட்டால் எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டையாகப் போடுங்கள். நீளம் கூடக்கூட அது முறுக்கிக்கொள்ளும், சாக்கெட் சாயும்.

5. திருப்பும் முன் அடியுங்கள்

பித்தளைக் கம்பியைப் போல்ட் தலையின் நடுவில் நிறுத்தி, நேர் அச்சில் நாலு நல்ல அடி கொடுங்கள். தலை நசுங்கும் அளவுக்கு வேண்டாம். மரையில் துரு பிடித்திருக்கும் பிடியை உடைப்பதற்குத்தான் இது.

நட் என்றால் பக்கவாட்டில் அடிக்கலாம். ஒரு பக்கம் கனமான சுத்தியலை அணையாகப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் தட்டுங்கள். அணை இல்லாமல் அடித்தால் போல்ட் வளையும், அதற்குப் பின்னாலிருக்கும் பாகமும் அடி வாங்கும்.

அலுமினியப் பாகத்தில் உள்ள போல்ட்டுக்கு மென்மையான அடி போதும். அலுமினிய வார்ப்பு விரிசல் விட்டால் போல்ட்டைக் காப்பாற்றியதில் ஒரு பயனும் இல்லை.

6. முதலில் முடுக்குங்கள், பிறகு கழற்றுங்கள்

கழற்ற வேண்டிய போல்ட்டை முடுக்கச் சொல்வது விசித்திரமாகப் படும். துருவின் பிடியை உடைக்க எந்தத் திசையானாலும் ஒரு சிறு அசைவு போதும். முடுக்கும் பக்கம் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். இம்மி அசைந்தாலும் வேலை பாதி முடிந்தது. அதன்பிறகு கழற்றும் பக்கம் வாருங்கள்.

எவ்வளவு விசை கொடுக்கலாம்? இது போல்ட்டின் பருமனை, அதாவது தலையின் அளவை அல்ல, மரையுள்ள உடலின் அளவைப் பொறுத்தது. புதியவர்கள் இதைக் கணக்கிடுவதே இல்லை. தலையில் 8.8 என்று வலிமைத் தரம் பொறித்த 8 மில்லிமீட்டர் போல்ட்டைப் பூட்டச் சுமார் 25 நியூட்டன் மீட்டர் (திருகு விசையின் அலகு) போதும். சுமார் 35 முதல் 40-ல் அது முறுகி அறுந்துவிடும். 60 சென்டிமீட்டர் பைப்பின் நுனியில் வெறும் 7 கிலோ இழுப்பே 40 நியூட்டன் மீட்டர். ஒரு கையால் சாதாரணமாக இழுக்கும் விசை அது. 6 மில்லிமீட்டர் போல்ட் 15-லேயே போய்விடும். ஆகவே 6, 8 அளவுகளுக்குப் பைப் போடவே கூடாது. குட்டை ராட்செட்டும் பொறுமையும்தான். 12, 14 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் போல்ட்டுகளுக்கு நீளமான பார் தேவைப்படும், அவை தாங்கும்.

கையில் வரும் உணர்வைக் கவனியுங்கள். “டக்” என்று ஒரு சத்தம் கேட்டு, அதன்பின் விசை சட்டென்று குறைந்தால் துரு உடைந்தது. “கிறீச்” என்று முனகிக்கொண்டே வந்தால் மரை இன்னும் உலர்ந்து உரசுகிறது. சத்தமே இல்லாமல், ரப்பரைத் திருகுவதுபோல் மெத்தென்று சுற்றினால் உடனே நிறுத்துங்கள். அங்கே மரை இளகவில்லை. போல்ட்டின் உடல்தான் முறுகிக்கொண்டிருக்கிறது. இன்னும் கால் சுற்று போனால் தலை கையோடு வந்துவிடும். இந்த மெத்தென்ற உணர்வை அடையாளம் காணத் தெரிந்துவிட்டால் முறிவுகள் பெருமளவு குறையும். பழைய, தூக்கிப்போட வேண்டிய ஒரு போல்ட்டை வைஸில் பிடித்து வேண்டுமென்றே முறித்துப் பாருங்கள். அந்த உணர்வு கைக்கு ஒருமுறை பழகினால் மறக்காது.

அசையத் தொடங்கியதும் ஒரே மூச்சில் கழற்றாதீர்கள். கால் சுற்று கழற்றி, எண்ணெய் விட்டு, திரும்ப எட்டில் ஒரு பங்கு முடுக்குங்கள். மறுபடி கால் சுற்று. முன்னும் பின்னும் போகும்போது துருப்பொடி உதிர்ந்து எண்ணெயோடு வெளியே வரும். நேராகவே கழற்றிக்கொண்டு போனால் அந்தப் பொடி முன்னால் குவிந்து மரையை அடைக்கும்.

எப்போதும் உங்களை நோக்கி இழுங்கள். தள்ளும்போது சாக்கெட் நழுவினால் விரல் முட்டிகள் நேராக ஷாசியில் போய் மோதும்.

பேட்டரி இம்பாக்ட் கன் இருந்தால் குறைந்த வேகத்தில் வைத்து, இரு திசையிலும் இரண்டு மூன்று வினாடித் துண்டுகளாகக் கொடுங்கள். தொடர்ந்த இழுப்பைவிட அந்தச் சிறு அடிகள் துருவை நன்றாக உடைக்கும். இம்பாக்டுக்கென்று செய்த கறுப்பு சாக்கெட்டையே போடுங்கள். குரோம் சாக்கெட் வெடித்துச் சிதறலாம்.

7. சூடு

எண்ணெயும் அடியும் பலிக்காத இடத்தில் சூடுதான் மிக நம்பகமான வழி. கவனம் அதிகம் தேவைப்படுவதும் இங்கேதான்.

நட்டைச் சூடாக்குங்கள், போல்ட்டை அல்ல. நட் விரிந்தால் துளை பெரிதாகும். போல்ட் விரிந்தால் இன்னும் இறுகும். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். ஆகவே அலுமினியப் பாகத்துக்குள் இருக்கும் போல்ட் என்றால், சுற்றியுள்ள அலுமினியத்தை ஹாட் ஏர் கன்னால் பரவலாகச் சூடாக்கினாலே நல்ல பலன் உண்டு. அலுமினியம் சிவக்காமலேயே உருகிவிடும், எனவே நேர்ச் சுடரை ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள்.

இரும்பு நட்டை மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கி, சூடு இருக்கும்போதே திருப்புங்கள். வரவில்லை என்றால் ஆறவிட்டு, மறுபடி சூடாக்குங்கள். விரிவதும் சுருங்குவதுமாக இரண்டு மூன்று சுற்று நடந்தால் துருவின் பிடி தளரும். சற்று ஆறியதும் மெழுகுவத்தியை மரையோரம் தொட்டால், மெழுகு உருகி உள்ளே இழுத்துக்கொள்ளும். அது நல்ல உயவு.

டார்ச் பற்றவைக்கும் முன் இவற்றைப் பாருங்கள். பெட்ரோல் டேங்க், எரிபொருள் குழாய், பிரேக் ஹோஸ், ஷாக் அப்சார்பர், ஏர்பேக் வயரிங் எதுவும் அருகில் இருக்கக்கூடாது. டயர் மாட்டியிருக்கும் சக்கரத்தின் நட்டில் சுடர் காட்டவே கூடாது. சூட்டில் டயரின் உட்புறம் சிதைந்து, உண்டாகும் வாயுவால் டயர் வெடிக்கலாம். பிரேக் கிளீனர் அடித்த இடத்திலும் சூடு வேண்டாம். குளோரின் கலந்த கிளீனர் சூடுபட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். சிறிதளவு சுவாசித்தாலே நுரையீரல் கெடும். பெனட்ரேட்டிங் ஆயிலையும் நன்றாகத் துடைத்துவிட்டே பற்றவையுங்கள்.

சிவக்கச் சூடாக்கிய போல்ட்டையும் நட்டையும் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். தொழிற்சாலையில் ஏற்றிய வலிமை அந்தச் சூட்டில் இறங்கிவிட்டிருக்கும்.

8. தலை வழுக்கிவிட்டால்

மூலைகள் சற்றே தேய்ந்திருந்தால், ஓர் அளவு சிறிய ஆறு முனை சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து இறக்குங்கள். அதுவும் பிடிக்கவில்லை என்றால் உட்புறம் சுருள் பல் கொண்ட போல்ட் எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட். வைஸ் கிரிப் (பூட்டிப் பிடிக்கும் குறடு), உளி இரண்டும் அதற்குப் பிறகுதான், ஏனென்றால் அவை மிச்சமிருக்கும் தலையையும் உருட்டிவிடும்.

வெல்டிங் வசதி இருந்தால் தேய்ந்த தலை மேல் ஒரு புதிய நட்டை வைத்து, உள்ளே நிரப்பி வெல்டு வையுங்கள். புது மூலைகளும் கிடைக்கும், வெல்டிங்கின் சூடும் மரையை இளக்கும். அதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

9. முறிந்துவிட்டால்

முறிந்த துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வெல்டு வைத்த நட்தான் முதல் முயற்சி. உள்ளேயே முறிந்திருந்தால் மையத்தில் சென்டர் பஞ்ச் வைத்து, மெல்லிய பிட்டில் தொடங்கி டிரில் போட வேண்டும். மையம் விலகினால் போல்ட் ஏறியிருக்கும் பாகத்தின் மரை போய்விடும். இடப்பக்கம் சுற்றும் டிரில் பிட் கிடைத்தால் அதையே வாங்குங்கள். துளைபோடும்போதே மிச்சத் துண்டு சுற்றி வெளியே வந்துவிடுவதுண்டு.

ஈஸி அவுட் (துளைபோட்ட துண்டுக்குள் சொருகித் திருப்பி எடுக்கும் கருவி) மேல் அதிகம் நம்பிக்கை வைக்காதீர்கள். முழுப் போல்ட்டையே முறித்த இறுக்கத்தை அதைவிட மெல்லிய கருவியால் திருப்பச் சொல்கிறோம். அது உள்ளே முறிந்தால், கடினப்படுத்திய அதன் எஃகைச் சாதாரண டிரில் பிட் தொடாது. சூடாக்கிவிட்டு, அளவான விசையில் மட்டும் முயலுங்கள். எஞ்சின் ஹெட்டில் முறிந்திருந்தால் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு லேத் பட்டறைக்குக் கொண்டுபோவதுதான் சரி.

10. தனி முறை கேட்கும் சில இடங்கள்

பிரேக் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்கள்: ஸ்க்ரூ டிரைவரால் முயன்றாலே தலை கெடும். சுத்தியலால் அடித்தால் தானே திரும்பும் கை இம்பாக்ட் டிரைவரை முதல் முயற்சியிலேயே போடுங்கள்.

பிரேக் டிரம்: பல ஜப்பானிய வகை வண்டிகளில் டிரம்மிலேயே மரையுள்ள இரண்டு துளைகள் இருக்கும். ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, 8 மில்லிமீட்டர் போல்ட்டுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக முடுக்கினால் டிரம் தானே வெளியே தள்ளப்படும். இது தெரியாமல் டிரம்மின் விளிம்பை அடித்து உடைப்பவர்கள் நிறையப் பேர்.

லோயர் ஆர்ம் புஷ் போல்ட்: நட் வந்துவிடும், போல்ட் வராது, புஷ்ஷின் இரும்புக் குழலோடு அது ஒட்டியிருக்கும். திருப்பினால் ரப்பர் முறுகும், விட்டால் திரும்பிவிடும். நாள் முழுக்கப் போராட வேண்டாம். ஆர்முக்கும் பிராக்கெட்டுக்கும் இடையில் ஹேக்ஸா பிளேடு விட்டு இரு பக்கமும் அறுத்து எடுங்கள். புஷ் எப்படியும் மாற்ற வேண்டியதுதான்.

பிளீடர் நிப்பிள் (பிரேக்கில் உள்ள காற்றை வெளியேற்றும் சிறு திருகு): உள்ளே துளை இருப்பதால் எளிதில் நசுங்கி முறியும். துளைக்குள் அளவான டிரில் பிட்டின் பின்முனையைச் சொருகிவிட்டு, ஆறு முனை சாக்கெட்டால் திருப்புங்கள்.

ஆக்சிஜன் சென்சாரை எஞ்சின் மிதமான சூட்டில் இருக்கும்போது கழற்றுங்கள். ஸ்பார்க் பிளக்கை, ஹெட் அலுமினியம் என்றால், முழுக்க ஆறிய பிறகு கழற்றுங்கள். சூட்டில் அலுமினிய மரை மென்மையாக இருந்து பிளக்கோடு பிய்ந்து வரும்.

11. திரும்பப் பூட்டும்போது

துளையின் மரையைச் சரியான அளவு டேப் (மரை வெட்டும் கருவி) விட்டுச் சுத்தம் செய்யுங்கள். புது போல்ட்டை முதல் சில சுற்று விரலால் மட்டும் ஏற்றுங்கள். விரலுக்கு வராதது கோணலாகப் போகிறது.

பழைய போல்ட் தலையில் 10.9 என்று இருந்தால் புதியதிலும் 10.9 இருக்க வேண்டும். தலையில் எண்ணே இல்லாத சாதாரணக் கடை போல்ட்டைப் பிரேக்கிலோ சஸ்பென்ஷனிலோ போடாதீர்கள்.

சைலென்சர், சஸ்பென்ஷன் போல்ட் மரைகளில் மெல்லியதாக ஆன்டி சீஸ் (மரை ஒட்டி இறுகாமல் தடுக்கும் களிம்பு) தடவுங்கள். அது உராய்வைக் குறைப்பதால், உலர்ந்த மரைக்கு மேனுவலில் சொன்ன அளவுக்கே டார்க் ரெஞ்சை (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனரை) வைத்தால் போல்ட் அதிகமாக இழுபடும். சற்றுக் குறைத்து வையுங்கள். சக்கர நட் மரைகளில் மேனுவல் சொன்னாலொழிய எதையும் தடவ வேண்டாம். லாக்கிங் பசை போட்டிருந்த இடத்தில் ஆன்டி சீஸ் கூடாது. அதே வகைப் பசையையே போடுங்கள்.

ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி ஜாக்கில் தொங்கும்போது கடைசி முடுக்கு முடுக்காதீர்கள். சக்கரம் தரையில் பட்டு, வண்டி தன் எடையில் உட்கார்ந்த பிறகே முடுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். சக்கரம் கழற்றியிருந்தால் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு, நட்டுகளின் முடுக்கை டார்க் ரெஞ்ச் வைத்து ஒருமுறை சரிபாருங்கள்.